ஆண்மை குன்றாத அழுகை

கோதண்டத்துக்குப் பொண்டாட்டியிடம் பேச மூன்றே வாக்கியங்கள்தான் தெரியும். "சாப்டியா?" "குளிருதா?" "ஸ்வெட்டர் போட்டுக்க." ஐரீன் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷமும் இந்த மூன்றை வைத்துத்தான் மனுஷன் போனிலேயே குடித்தனம் நடத்தினான். அங்கே கோடைக்காலம் வந்தால் குளிருக்கும் ஸ்வெட்டருக்கும் வேலை இல்லை. அப்போது ஒரே வாக்கியம்தான்.

இத்தனைக்கும் காதல் கல்யாணம். காதலைச் சொன்னது ராயபுரத்து ஐரீன். கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் வழி மறித்து, "யோவ், உன்னத்தான் கட்டிக்கலாம்னு கீறேன். இன்னா சொல்ற?" என்று கேட்டாள். திருவொற்றியூர் கோதண்டம் "ம்" என்றான். அந்த ஒற்றை 'ம்'மை நம்பி ஒரு பெண் பெற்ற அப்பன் ஆத்தாளை எதிர்த்துக்கொண்டு வந்தாள் என்றால் அவள் தைரியத்தை என்ன சொல்ல! ஏர்போர்ட்டில் அவளை வழியனுப்பிய அன்றைக்கு இவன் தொண்டையில் என்னவோ கிடந்து உருண்டது. அவளும் நின்று நின்று பார்த்தாள். கடைசியில் வெளியே வந்தது, "பாஸ்போர்ட் பத்திரம்."

அவனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவன் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். அங்கே ஒருத்தன் கால் மேல் இரும்பு விழுந்தால்கூட முதலில் கெட்ட வார்த்தைதான் வரும், அழுகை வராது. பெத்த அப்பன் செத்த அன்றைக்குக் கோதண்டம் சாமியானாவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "ஆம்பள சிங்கம்யா" என்று தெருவே பாராட்டியது. அந்தப் பாராட்டை இன்றைக்கு வரைக்கும் அவனால் இறக்கி வைக்க முடியவில்லை.

போன வருஷம் ஒரு சாயங்காலம் ஐரீன் போனில் சொன்னாள். "மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? மொதல்ல எல்லாம் டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தா உன் ஞாபகமா இருக்கும். அழுவேன். இப்ப அழுக வர்றதில்ல. நீ இல்லாம இருக்கறது எனக்குப் பழகிகினு வருது. அத நெனச்சாதான் பயமா கீது."

கோதண்டத்துக்கு, அய்யோ ஐரீனு, பழகிக்காத, நான் இங்க செத்துகினு கீறேன், என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

"சாப்டியா?" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினான், தானும் ஜெர்மனிக்குப் போவது என்று. யார்டில் விஷயம் தெரிந்ததும், "இன்னா மாமே, பொண்டாட்டி துட்டுல குந்தி துன்னப் போறியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆனால் பொண்டாட்டியோடு போய்ச் சேர வேண்டும் என்றால் புருஷன் அந்த ஊர் பாஷையில் ஒரு ஆரம்பப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் என்று சட்டம் இருந்தது. கல்யாண போட்டோ இருக்கிறது, பதிவுச் சான்று இருக்கிறது. போதாது. பாஷை வேண்டும்.

புத்தகம் வாங்கி, கிரேன் மேலே உட்கார்ந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு முதல் தடவை போனான். பரீட்சை வைத்த அம்மாள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். "குட்" என்றான். அந்த பாஷையிலும் குட் என்றால் நல்லாயிருக்கேன்தான். குடும்பம் எப்படி? குட். வேலை? குட். வாராந்திர விடுமுறையில் என்ன செய்வீர்கள்? குட். நான் கேட்பது உங்களுக்குப் புரிகிறதா? குட். ஃபெயில்.

அப்போதுதான் காலடிப்பேட்டையில் ஒரு டயர் கடை மாடியில் இருக்கும் 'குளோபல் இதயம் மொழிப் பயிற்சியகம்' அவன் கண்ணில் பட்டது. நர்ஸ் பெண்களுக்கு அங்கே பல வகுப்புகள். புருஷன்மார்களுக்கு என்று தனியாக ஒன்று. 'ஹஸ்பண்ட் பேட்ச்' என்று பெயர். எல்லாம் ஒரே ரகம். பொண்டாட்டி அங்கே, இவர்கள் இங்கே. வண்ணாரப்பேட்டையில் பேக் கடை வைத்திருக்கும் பஷீர் அவன் பக்கத்து நாற்காலி.

பயிற்சியகத்தின் டைரக்டர் டாக்டர் சத்தியநேசன். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முதல் நாளே ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"நண்பர்களே, நீங்கள் ஏன் ஃபெயில் ஆகிறீர்கள்? இலக்கணமா? இல்லை. சொற்களா? இல்லவே இல்லை. உங்களிடம் உணர்ச்சி கிடையாது! தமிழ் ஆணுக்கு இரண்டே உணர்ச்சி. ஒன்று பசி. இன்னொன்று, சோறு வர லேட்டானால் வரும் கோபம். ஐரோப்பியன் அப்படி இல்லை. காலையில் எழுந்ததும் தன் உணர்ச்சியைச் சொல்கிறான். நான் அங்கே போனதில்லை, ஆனால் ஆராய்ந்திருக்கிறேன். ஆகவே இந்த நிறுவனம் உங்களுக்கு இருபத்துநான்கு உணர்ச்சிகளைக் கற்றுத்தருகிறது. அழுகை உட்பட!"

பின்வரிசையில் ஒருவன் நெளிந்தான். "சார், அழுவறதெல்லாம்... ஆம்பள..."

"பயப்படாதீர்கள்! நாங்கள் கற்றுத்தருவது ஆண்மை குன்றாத அழுகை. ஒற்றைக் கண். இரண்டே சொட்டு. கன்னத்தைத் தாண்டக் கூடாது. தோள் குலுங்கக் கூடாது. மூக்கு உறிஞ்சினால் மதிப்பெண் குறைப்பு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் தகப்பனார் காலமான அன்று நான் அழவில்லை. ஏனென்றால் அன்றைக்கு அட்மிஷன் நாள். அந்தக் கட்டுப்பாட்டைத்தான் உங்களுக்குத் தரப்போகிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். கோதண்டமும் தட்டினான். தட்டிவிட்டு பஷீர் காதில், "பாய், இவரு அழுவச் சொல்றாரா, வாணான்றாரா?" என்று கேட்டான்.

"ரெண்டுத்துக்கும் ஒரே பீஸுதான் நைனா, கம்முனு குந்து" என்றான் பஷீர்.

வகுப்பு என்றால் சுவர் முழுக்க மஞ்சள் முகங்கள். சந்தோஷம், வியப்பு, ஏக்கம், மென்சோகம், நடுத்தர சோகம், முழுச்சோகம். டைரக்டர் குச்சியால் தட்டுகிற முகத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் செய்துகாட்ட வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவனும் லாரி ஓட்டுகிறவனும் வெல்டரும் வரிசையாக உட்கார்ந்து மென்சோகப்படுவதைப் பார்க்க டயர் கடைப் பையன்கள் படிக்கட்டில் கூட்டம் போட்டார்கள். உள்ளே 'வெங்காய அறை' என்று ஒன்று இருந்தது. கண்ணீர் வராதவர்களை அதற்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். கோதண்டம் அதில் பழியாகக் கிடந்தான். அவன் கண் சிவந்ததே தவிர சொட்டு விழவில்லை. கிரேன் மேலே வருஷக்கணக்காகக் கரித்தூளும் உப்புக்காற்றும் தின்ற கண். வெங்காயத்துக்கெல்லாம் அசையுமா?

வீட்டுப்பாடமும் உண்டு. பஷீர் தன் கடையில் உட்கார்ந்து முழுச்சோகம் பழகினான். வாடிக்கை ஆட்கள் பார்த்தார்கள். பாய் கடையை மூடப்போகிறார் போலிருக்கிறது, மனசு உடைந்துபோயிருக்கிறார், இருக்கிற சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளுகிறார் என்று எம்.சி.ரோடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மத்தியானத்துக்குள் கடை வாசலில் அடிதடி. "சோகத்துக்கு இவ்ளோ யாவாரமா!" என்று பஷீரே மலைத்துப்போனான். டைரக்டர் இதைக் கேட்டு அவனுக்கு முழு மதிப்பெண் போட்டார்.

அங்கே உண்மையாகப் பாடம் நடத்தத் தெரிந்தவள் உஸ்மா மிஸ் ஒருத்திதான். சின்னப் பெண். ஒரு நாள் கோதண்டத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, இந்தப் பரீட்சையில பேரு, ஊரு, வேலை, அப்புறம் தண்ணி குடுங்க, பேனா குடுங்கன்னு கேக்கறது, அவ்ளோதான். உங்களுக்கு அது எல்லாம் வருது. போய்த் தைரியமா சொல்லிட்டு வாங்க" என்றாள். இது டைரக்டர் காதில் விழுந்தது. உஸ்மா மிஸ் மறுநாளிலிருந்து கீழே அட்மிஷன் கவுன்டரில் உட்கார்ந்தாள்.

இரண்டாம் தடவை. ஒரு அட்டையில் தண்ணீர் பாட்டில் படம் போட்டு நீட்டினார்கள். தண்ணீர் கேட்க வேண்டும். 'படத்தில் தண்ணீர் வந்தால் அது தாகம். தாகம் என்பது முழுச்சோகத்தின் கிளை' என்று டைரக்டர் சொல்லியிருந்தார். கோதண்டம் எழுந்து நின்றான். நெஞ்சில் கையை வைத்தான். முகத்தைப் பிழிந்துகொண்டு, குரல் நடுங்க, ஜெர்மனில், "தயவுசெய்து எனக்குத் தண்ணீர் கொடுங்கள்!" என்று கதறினான். பரீட்சை அம்மாள் பதறியடித்து நிஜமாகவே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவனைப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். பாதியில் எழுந்து போனதாகக் கணக்கு எழுதினார்கள். ஃபெயில்.

"வெற்றி!" என்றார் டைரக்டர். "ஆம்புலன்ஸ் வரவழைத்திருக்கிறாய். உணர்ச்சி போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களுக்குத்தான் திருத்தத் தெரியவில்லை."

ஐரீன் மட்டும் போனில் சிரிக்கவில்லை. "வாணாம் உடுய்யா. உனக்கு அது வராது. நீ மனசுக்குள்ள கஷ்டப்படாத" என்றாள். அந்த 'உடுய்யா' அவனைச் சுட்டது. கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. ரொம்ப அமைதியாகச் சொன்னாள். அவளுக்குப் பழகிவிட்டது என்று நினைத்தான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கிரேன் மேலே இருந்து பார்த்தால் தூரத்தில் கப்பல்கள் நிற்கும். அதில் ஒன்றில் ஒரு கன்டெய்னருக்குள் புகுந்து படுத்துக்கொண்டால் என்ன என்று நிஜமாகவே யோசித்தான்.

மூன்றாம் தடவை அவனுக்கு வந்த அட்டையில் ஒரு குடும்பப் படம். அம்மாள் மெல்லக் கேட்டாள். "உங்கள் மனைவி எங்கே வசிக்கிறார்?"

பதில் தெரியும். தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வான். என் மனைவி ஜெர்மனியில் வசிக்கிறார். அவ்வளவுதான். என் மனைவி, என்று ஆரம்பித்தான். அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி நாக்கு நகரவில்லை. தொண்டையில் ஏர்போர்ட்டிலிருந்து உருண்டுகொண்டிருந்தது மேலே ஏறி வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதான். இரண்டு கண்ணும், மூக்கும், தோளும், எல்லாமும். "ஐரீனு, ஐரீனு" என்று தமிழில் அழுதான்.

அந்த அம்மாள் காகிதக் கைக்குட்டை கொடுத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடு சைபர் போட்டாள். தாய்மொழியில் அழுததற்கு மார்க் போட விதியில் இடமில்லையாம்.

அழுதுகொண்டே காலடிப்பேட்டைக்கு வந்தான். ஆரம்பித்துவிட்டது, நிறுத்தத் தெரியவில்லை. டைரக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். பயிற்சியகத்தின் சரித்திரத்திலேயே வெங்காயம் இல்லாமல் வந்த முதல் கண்ணீர். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னாரா என்று கேட்காதீர்கள். போனை எடுத்து, "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாப்பா" என்றார்.

படம் அன்றைக்கே டோல்கேட் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனது. கடைக்காரர் ஜாபருக்குத் தலைக்கு மேல் வேலை. டைரக்டர் போனில், "ஒருத்தர் முகம், பெரிசா, மேலே கண்ணீர்னு போடு, கீழே பேர் போடு" என்றார். ஜாபருக்கு அதற்கு மேல் எதற்கு விளக்கம்? ஒற்றை ஆள் முகமும் கண்ணீரும் என்றால் அவர் கம்ப்யூட்டரில் ஒரே டிசைன்தான் தயாராக இருக்கும். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே புறா, சுற்றிலும் கறுப்புக் கட்டம். பேரை மாற்றினார், முகத்தை மாற்றினார், அடித்துவிட்டார். கட்டுகிற ஆளும் எப்போதும் கட்டுகிற மின்கம்பத்திலேயே கட்டினான். கோதண்டம் தெருமுனை. கீழே ஓரத்தில் 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று பொடி எழுத்தில் இருந்ததை யார் படித்தார்கள்? எங்கள் பக்கத்தில் தலைவர் படம் இல்லாமல் ஒற்றை ஆளாக ஒருத்தன் ஃப்ளெக்ஸில் நின்றால் அவன் போய்விட்டான் என்று அர்த்தம். இது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் பேனர் ஏறும் முன்பே கோதண்டம் விடியற்காலையில் ஷிஃப்டுக்குப் போய்விட்டான். கிரேன் ஏறும்போது போனைப் பூட்டி வைத்துவிட வேண்டும், அது யார்டு விதி. மத்தியானம் எடுத்தபோது சார்ஜ் செத்துக் கிடந்தது. வீட்டுப் பக்கம் வந்தால் தெருவில் சாமியானா, நாற்காலி, பறை செட்டு, வாசலில் ஐஸ் பெட்டி.

"யாருப்பா போனது?" என்று பறை அடிக்கிறவரிடம் கேட்டான். அவர் வெளியூர் ஆள்.

"யாரோ கிரேன் ஓட்டறவராம். பொண்டாட்டி வெளிநாட்டுல கீதாம். அந்த ஏக்கத்துலயே போய்ட்டாராம், பாவம். யார்டுல ஆக்ஸிடென்ட்டுன்னும் சொல்றாங்க. பாடி இன்னும் வர்ல."

"அடப் பாவமே" என்றான் கோதண்டம். பக்கத்து யார்டு ஆள் யாரோ என்று நினைத்தான். அவனுக்கும் என்னைப் போலவே விதி போலிருக்கிறது என்று மனசு கனத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். யாரோ சோடா கொடுத்தார்கள். பாதி குடித்தபோதுதான் கம்பத்தில் இருந்த தன் முகத்தைப் பார்த்தான்.

உள்ளே அவன் அத்தை பச்சையம்மா தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். காசிமேட்டில் மீன் விற்ற தொண்டை. தெரு அதிர்ந்தது. இவனைப் பார்த்ததும் நிறுத்தினாள், வீல் என்று கத்தினாள், கிட்டே வந்து கிள்ளிப் பார்த்தாள், பளார் என்று ஒன்று விட்டாள்.

"எங்கடா பூட்ட கஸ்மாலம்! காத்தாலேர்ந்து தொண்ட கிழியக் கத்திகினு கீறேன்! ஐஸ் பொட்டிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு! அந்தப் பொண்ணு அங்க தலதலயா அடிச்சிகினு அழுவுது! அதுங்கக்கா ராயபுரத்துலேர்ந்து பேனரப் படம் புடிச்சு அனுப்பிட்டாளாம்!"

அப்போதே அவள் இடுப்பில் போன் அடித்தது. எடுத்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் கையில் திணித்தாள்.

"அத்தே," என்றது ஐரீன் குரல். குரலா அது! உடைந்த பானை. "அத்தே, நான் வர வரிக்கும் எடுக்காதீங்க. ஒரு தபா மூஞ்சப் பாத்துக்கறேன் அத்தே. கால்ல உழுந்து கேக்கறேன்."

கோதண்டத்துக்குப் பழக்க தோஷம்.

"சாப்டியா?" என்றான்.

அந்தப் பக்கம் பிரளயம். "யோவ்! பேமானி! நாசமாப் போறவனே! செத்தும் சாப்டியான்னு கேக்கறியா! உசுரோட கீறியா? மாமா, உசுரோட கீறியா?" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இவனும் நின்ற இடத்திலேயே தரையில் குந்திவிட்டான். இவளுக்கா பழகிவிட்டது? அடக் கடவுளே, பழகவேயில்லை.

ஃப்ளெக்ஸ் கதையைச் சொல்லி முடித்தான். அவள் குரலை இறக்கினாள்.

"மாமா. இத கேளு. போன வருஷம் உன்னப் பாக்கணும்னு லீவு கேட்டேன். ஆள் இல்லன்னுட்டாங்க. இந்த வருஷமும் கேட்டேன், அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. இன்னிக்குக் காத்தால நீ போய்ட்டன்னு சொன்னேன். எங்க ஹெட் நர்ஸ் கட்டிப் புடிச்சு அழுதுச்சு. ஒடனே லீவு. ஆளாளுக்குப் பணம் போட்டு டிக்கெட்டும் எடுத்துட்டாங்க. உசுரோட கீற புருஷனுக்குத்தான் இங்க லீவு இல்ல."

"அப்ப சொல்லிடு, தப்பாப் பூட்ச்சுன்னு."

"சொல்லிட்டா லீவு போய்டும்." அவள் குரல் கெஞ்சியது. "நான் வர வரிக்கும் செத்தே கெட மாமா."

"இன்னா ஐரீனு பேசற? செத்தவனுக்கு விசா குடுப்பானா? அப்பால நான் எப்டி அங்க வர்றது?"

"அப்பால அப்பால பாத்துக்கலாம். தெரிஞ்சுபோயி என்ன வேலய உட்டுத் தூக்கினாலும் தூக்கட்டும். மூணு வருஷமா தலகாணிய கட்டிகினு படுக்கறேன்யா. என்னால முடியல. ஒரு வாரம் உன் பக்கத்துல குந்தணும் எனக்கு." மூக்கை உறிஞ்சினாள். "இன்னொண்ணு. ஹெட் நர்ஸும் மத்தவங்களும் வீடியோல உன் மூஞ்சப் பாத்து மரியாத செய்யணும்னு குந்திகினு கீறாங்க. போய்ப் படு. அதுக்கு முன்ன ஒரு வார்த்த, இப்பனாச்சும் ஒரே ஒரு வார்த்த சொல்லேன்யா."

கோதண்டம் வாயைத் திறந்தான். தெருவே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார்டில் அன்றைக்கு ஷிஃப்ட் இல்லாத ஆட்கள் எல்லோரும் மாலையோடு நின்றார்கள்.

"வர்றப்போ ஸ்வெட்டர் வாணாம்," என்றான். "இங்க வெயிலு."

"செரி. போய்ப் படு," என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

இதற்குள் விஷயம் கேள்விப்பட்டு டைரக்டர் சத்தியநேசன் ஓடி வந்துவிட்டார், ஏணியோடு. "எங்கள் மாணவர்கள் எவரும் இதுவரை இறந்ததில்லை. அது எங்கள் ரெக்கார்டு. பேனரை உடனே இறக்குகிறேன்" என்று கம்பத்தில் ஏறப்போனார்.

கோதண்டம் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "கய்ட்டாதீங்க சார். அவ வர வரிக்கும் கய்ட்டாதீங்க. உங்க கால்ல உழறேன்."

விவரம் கேட்டதும் டைரக்டரின் முகம் மலர்ந்தது. அதுவும் சுவரில் இருந்த முகங்களில் ஒன்றுதான். "அப்படியா? படுத்துக் காட்ட வேண்டுமா? இது நமக்குக் கைவந்த கலையாயிற்றே! முகத்தில் ஒரு உணர்ச்சியும் கூடாது. அன்பு, ஏக்கம், பயம், எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது. கவலைப்படாதே கோதண்டம், நீ சேர்ந்த அன்று எப்படி இருந்தாயோ அப்படியே இரு."

ஐஸ் பெட்டிக்குள் படுத்தான். பச்சையம்மா நெற்றியில் காசு ஒட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டினாள். "பொறுத்துக்கடா ராசா" என்று தலையைத் தடவிவிட்டு ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். பஷீர் கடையிலிருந்து ஓடி வந்திருந்தான். போனை முகத்துக்கு நேரே பிடிப்பது அவன் பொறுப்பு.

போனில் நாலைந்து வெள்ளைக்காரக் குரல்கள் மெல்லக் கேட்டன. யாரோ ஒரு பாட்டை முணுமுணுத்தார்கள். பிறகு ஐரீன். ஊருக்காக அழ ஆரம்பித்தவள்தான். இரண்டு வரிக்கு மேல் ஊர் அவளுக்கு மறந்துபோயிற்று.

"மாமா, மூணு வருஷமா உன் வாயவே பாத்துகினு இருந்தேனே. இன்னிக்குச் சொல்லுவான், நாளிக்குச் சொல்லுவான்னு. நெஜமாவே நீ பூட்டிருந்தா நான் யாரக் கேட்ருப்பேன்? நான் உனக்கு இருந்தேனா இல்லையான்னு யாரப் போய்க் கேட்ருப்பேன்?"

அப்போது வந்தது. படுபாவிக்கு அப்போதுதான் எல்லாம் வந்தது. நீ இல்லாம வூடு வூடாவே இல்ல ஐரீனு. உன் துணிய இன்னும் தோய்க்காம வெச்சிகினு கீறேன். நீ வெச்சிட்ட பெறகு போனக் காதுலயே வெச்சிகினு குந்தியிருப்பேன். எனக்கு பயமா கீது. உன்ன அவ்ளோ புடிக்கும். தமிழில் வந்தது, படித்த ஜெர்மனிலும் வந்தது, ஒரு வார்த்தைகூடத் தட்டவில்லை. வாயைத் திறந்தால் போதும். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. திறந்தால் அவள் வர முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

இமை ஓரத்தில் ஒன்று திரண்டது. ஒரு கண்ணிலிருந்து வழிந்தது. இன்னொன்று.

"ஒற்றைக் கண்! இரண்டே சொட்டு! தோள் குலுங்கவில்லை!" என்று மூலையில் நின்ற டைரக்டர் மெய்சிலிர்த்துக் கிசுகிசுத்தார். அடுத்த பேனருக்காகத் தன் போனை உருவினார்.

போனில் ஜெர்மன் குரல்கள் சட்டென்று நின்றன. பச்சையம்மாவுக்கு ஒரு நொடியில் விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையை எடுத்துக்கொண்டு குனிந்தாள். "ஐஸ் தண்ணிம்மா அது. பொட்டி ஒழுகுது. வேற ஒண்ணுமில்ல" என்று போனைப் பார்த்துக் கத்திக்கொண்டே துடைக்கப் போனாள்.

அந்தப் பக்கம் ஐரீன், பக்கத்தில் இருந்த யாருக்கும் புரியாத தமிழில், மெல்லச் சொன்னாள்.

"தொடைக்காத அத்தே. அப்டியே உடு."